குழு எண் ஆயிரத்துப் பதினேழு

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பார்த்த ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஏரி, குளம், வடிகால் என்று தண்ணீரின் அளவுகளை எடுத்துக் கொடுக்கிற சின்ன கம்பெனி. அங்கே சர்வர்களைக் கவனித்துக்கொள்வது என் வேலை. யாருக்கு லாகின் கொடுப்பது, யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், வேலையை விட்டுப் போனவரை எப்போது வெளியே நிறுத்துவது, எல்லாம் என் கையில் இருந்தது.

பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் நீர்மட்டம் அளக்கும் வேலை ஒன்று வந்தது. அதற்கு நான்கு பேர். ஒரு இன்ஜினியர், வந்த அளவுகளைச் சரிபார்க்கிற, பல்லாவரத்தில் தோல் பை வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண், தண்ணீருக்குள் இறங்கி வேலை செய்ய ஒருவன், நான்காவது நான்.

எங்கள் சர்வர்கள் ஓடும் லினக்ஸில் நான்கு பேருக்கு மட்டும் ஒரு ஃபோல்டரைப் பொதுவாகத் திறந்துவிட வேண்டுமென்றால், ஒரு குழுவை உண்டாக்கி அவர்களை அதில் சேர்ப்போம். குழுவுக்குப் பெயர் வைப்பது நம் வசதிக்கு. மெஷினுக்கு எண்தான் முக்கியம். நான் 'சதுப்பு' என்று பெயர் வைத்தேன். மெஷின் அதற்கு 1017 என்று எண் கொடுத்தது.

தண்ணீருக்குள் இறங்கியவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு இருபத்தேழு வயது. கடற்கரைக் குப்பம் ஒன்றில் மீன்பிடிக் குடும்பம். டிப்ளமோ முடித்திருந்தான். சதுப்பு நிலத்தில் கோரைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, ஒரு இரும்புக் கம்பத்தை நட்டு, அதில் சென்சாரைக் கட்டியவன் அவன்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அந்த சென்சார் நீர்மட்டத்தை எங்கள் சர்வருக்கு அனுப்பும். வேலை முடிந்து அலுவலகத்துக்கு வரும்போது சேறு காயாத காலோடு வருவான். லிஃப்ட்காரர் திட்டுவார் என்று மூன்று மாடியும் படியேறி வருவான்.

பல்லாவரத்துப் பெண்ணை அவன் "அக்கா" என்பான். அவரிடம் கேட்டுக் கேட்டு ஆறு மாதத்தில் சின்னச் சின்ன புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான். ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "அண்ணா, சர்வர்ல ஒரு புரோகிராம் ஓட வுட்டுக்கீறேன். அது பாட்டுக்கு ஓடிகினே இருக்கும். ஒண்ணும் பேஜார் இல்லயே?" என்று கேட்டான். என்ன புரோகிராம் என்று நான் கேட்கவில்லை. "ஓடட்டும்" என்றேன்.

வேலை முடிந்தது. அளவு வாங்கிய இடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் வரவில்லை. இன்ஜினியர் பெங்களூருக்குப் போய்விட்டார். பெண்ணை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவனைப் போகச் சொன்னார்கள்.

கடைசி நாள் பகல் அவன் வந்து என் பக்கத்தில் நின்றான்.

"அண்ணா, லாகின் மட்டும் ஒரு பத்து நாள் வுட்டு வெய்யிண்ணா. ஒரு விஷயம் பாக்கணும். வூட்லேர்ந்தே பாத்துக்கறேன்."

"அதுக்கென்ன, விடறேன்" என்றேன்.

மனதார நினைத்துத்தான் சொன்னேன். மாலையில் மேனேஜர் வந்து, "அந்த டீம் சம்பந்தப்பட்டது எதுவும் நாளைக்கு இருக்கக்கூடாது. லாகின், குரூப் எல்லாம் எடுத்துடுங்க" என்றார். பத்து நாள் கேட்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கிளம்புகிற அவசரம் வேறு. அவன் லாகினைப் பூட்டினேன். குழுவை அழிக்க அதற்கென்று ஒரு கட்டளை உண்டு. அதை விட்டுவிட்டு, குழுக்களின் பட்டியல் இருக்கும் கோப்பைத் திறந்து அந்த ஒரு வரியைக் கையாலேயே அழித்தேன். அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூட இல்லை. அவன் உள்ளே வர முயலும்போது தெரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து, ஒரு மழைக்கால விடியலுக்குப் பின், தாம்பரம் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டிக்கு நின்றிருந்தேன். போன் அடித்தது. அவன் பெயர். ஏழு மணி ஐந்து நிமிடம். லாகினைப் பற்றிக் கேட்பான், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. ஏழு நிமிடம் கழித்து மறுபடியும் அடித்தது. சத்தத்தைக் குறைத்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் கூப்பிடலாம் என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அப்படி நினைத்தேனா என்று தெரியவில்லை.

மத்தியானம் பல்லாவரத்துப் பெண் என் அறைக்கு வந்து நின்றார். காலையில் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் ரேடியல் ரோட்டில் அவன் பைக்கை ஒரு லாரி அடித்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே போய்விட்டான் என்றார்.

அடக்கத்துக்கு அலுவலகத்திலிருந்து நாலைந்து பேர் போனார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போனது. பழைய சர்வரை நிறுத்திவிட்டுப் புதியதுக்கு எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது. எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு காலை வேளையில் ஃபோல்டர் ஃபோல்டராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சதுப்பு ஃபோல்டருக்கு வந்தேன். கோப்புகளின் பட்டியலில் குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறுமனே 1017 என்று இருந்தது. அது எனக்கு ஆச்சரியமில்லை. குழுவை அழித்தால் பெயர்தான் போகும். கோப்புகளில் பதிந்த எண் போகாது.

கீழே கீழே போனேன். கடைசிக் கோப்பில் கண் நின்றது.

அதில் அன்றைய தேதி இருந்தது. நேரம், நான்கு நிமிடத்துக்கு முன். அந்தக் கோப்பை எழுதியவர் என்ற இடத்தில் அவன் பெயர்.

அடுத்த ஆறு நிமிடம் நான் திரையை விட்டு நகரவில்லை. சரியாகப் பத்தாவது நிமிடம் கோப்பின் நேரம் மாறியது. ஒரு வரி கூடியிருந்தது. அவன்தான் எழுதியிருந்தான். முந்தின நாள் கோப்பு, அதற்கு முந்தின நாள் கோப்பு என்று மேலே போனேன். செத்த நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் இருந்தது.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். படித்த படிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைப் பார்த்தேன். அவன் பெயரில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்னிடம் வந்து சொன்ன அதே புரோகிராம். லினக்ஸில் ஒரு புரோகிராம் கிளம்பும்போது எந்தெந்தக் குழுவின் உரிமை அதற்கு இருந்ததோ, அது நிற்கிறவரை அந்த உரிமை இருக்கும். பிறகு லாகினைப் பூட்டினாலும், குழுவையே அழித்தாலும் அதற்குத் தெரியாது. நான் கதவை அடைத்தபோது அவனுடைய ஒரு பகுதி உள்ளேயே இருந்திருக்கிறது. அதை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை.

காரணம் தெரிந்த பிறகும் பயம் முழுதாகப் போகவில்லை. வேறு என்னென்ன மிச்சம் வைத்திருக்கிறேன் என்று பார்க்க, குழுக் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன். குழு விவரம் இரண்டு கோப்புகளில் இருக்கும். நான் அன்றைக்கு அவசரத்தில் ஒன்றில் மட்டும் அழித்திருந்தேன். மெஷின் இரண்டாவது கோப்பிலிருந்து அந்த வரியை எடுத்துக் காட்டியது. சதுப்பு. பக்கத்தில் நான்கு பெயர்கள். மூன்றாவது அவன், நான்காவது நான். இப்படி ஒரு குழுவே இல்லையே, இந்த வரியை அழித்துவிடவா என்று கேட்டு நின்றது. வேண்டாம் என்று ஒரே எழுத்தைத் தட்டிவிட்டு வெளியே வந்தேன்.

பல்லாவரத்துப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் புரோகிராமை வரி வரியாகப் படித்தார்.

"சார், இது அளவை எழுதறதோட நிக்கல. தினமும் காலைல ஆறு மணிக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புது. நம்ம சர்வர்ல சிம் போட்டு செருகியிருக்கே டாங்கிள், அது வழியா."

"யாருக்கு?"

நம்பரைத் தன் போனில் தட்டிப் பார்த்தார். "அவன் தங்கச்சி. அடக்கத்தன்னிக்கு வாங்கி வெச்சேன்."

செய்தியின் வாசகம் புரோகிராமுக்குள்ளேயே இருந்தது. 'தங்கச்சி, தண்ணி இத்தினி அடி கீது. பயப்படாத.' மூன்றடியைத் தாண்டினால் வேறு வாசகம்: 'தங்கச்சி, புள்ளைங்கள கூட்டிகினு அம்மா வூட்டுக்குப் போயிரு.'

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "ரெண்டு மாசமா அந்தப் பொண்ணுக்கு தினமும் இது போயிட்டிருக்கு சார்" என்றார்.

புதிய சர்வருக்கு மாறும்போது பழையதை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தினால் இந்தப் புரோகிராம் முடிந்தது. மறுபடி கிளப்பினால் அதற்கு அந்த ஃபோல்டரில் உரிமை இருக்காது. ஒரு காலை செய்தி வராமல் போனால் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. நேரில் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கரணைக்குப் போனோம். சதுப்பு நிலத்தை ஒட்டிய தெரு ஒன்றின் முனையில் அவள் மீன் விற்றுக்கொண்டிருந்தாள். ஒரு பிளாஸ்டிக் ஷீட், இரண்டு அலுமினியத் தட்டு, ஒரு அருவாமணை. சாடை அப்படியே அவன். நான்கைந்து பேர் சுற்றி நின்றிருந்தார்கள். பல்லாவரத்துப் பெண்ணைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "வாக்கா, குந்து" என்று ஒரு கவிழ்த்த பக்கெட்டைக் காட்டினாள். என்னைப் பார்த்து, "சார் யாரு?" என்றாள்.

சொன்னேன். சர்வர் பார்க்கிறவன் என்றேன். அவள் கையில் சங்கரா மீன் இருந்தது. செதிலை உரசுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள்.

"மெசேஜ் வருதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வருதே. இன்னிக்கும் வந்திச்சு. ரெண்டே கால்."

"பயமா இல்லையா?"

"மொத நாளு பயந்தேன் சார். பாடி ஆஸ்பத்திரில கீது, இன்னும் குடுக்கல. காலைல ஆறு மணிக்கு டிங்குன்னு வருது, 'தங்கச்சி'ன்னு. கத்தி வுட்டேன். எங்கம்மா போனைப் புடுங்கி அரிசி டப்பாவுல போட்டு மூடிச்சு. அப்பால நெனப்பு வந்துச்சு. அவன்தான் சொல்லிக்கீறானே, நான் கடலுக்குப் போனாக்கூட அது அனுப்பிகினே இருக்கும்னு." மீனைத் தட்டில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். "போன மாசம் பெரிய மழ வந்திச்சே, அன்னிக்கு அம்மா வூட்டுக்குப் போன்னு வந்திச்சு. புள்ளைங்கள தூக்கிகினு போயிட்டேன். மத்தியானம் வூட்ல முட்டி அளவு தண்ணி."

வாங்க வந்தவர்கள் போன பிறகு, சர்வரை நிறுத்தப் போகிறோம் என்பதைச் சொன்னேன். அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, அண்ணன் செத்த காலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். நாங்கள் கேட்கவில்லை.

"மூணு நாளா ஒரே அளவு வந்துகினு இருந்திச்சு சார். ஒண்ணு நாலு, ஒண்ணு நாலுன்னு. வெளிய மழ கொட்டுது. இன்னாடா இது, ஏறவே மாட்டேங்குதேன்னு நான்தான் அவனுக்குப் போன் பண்ணேன். கம்ப்யூட்டர் உள்ள பூந்து பாக்கலாம்னா வுட மாட்டேங்குது, ஆபீஸ்ல ஒரு அண்ணன் கீறாரு, அவராண்ட கேக்கறேன்னான். அப்பால அவரு எடுக்கல, நானே நேராப் போயி பாக்கறேன்னு வண்டிய எடுத்துகினு வந்தான்."

தெருவில் ஒரு லோடு ஆட்டோ போனது. அதன் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தேன். வேண்டுமென்றே காத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அந்த அண்ணன் நான்தான்" என்றேன். "லாகினைப் பூட்டினதும் நான்தான். பத்து நாள் விடறேன்னு சொல்லிட்டு அன்னிக்கே பூட்டிட்டேன். போன் வந்தப்போ பார்த்தேன். எடுக்கல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"பூட்டச் சொல்லிக்கீறாங்க, பூட்டிட்ட" என்றாள். அதுவரை இருந்த 'நீங்க' போய்விட்டிருந்தது. "போன எடுத்திருக்கலாம் சார்."

அடுத்த மீனை எடுத்துச் செதிலை உரச ஆரம்பித்தாள். பல்லாவரத்துப் பெண்தான் கேட்டார், நிறுத்திவிட்டால் பரவாயில்லையா, இல்லை வேறு வழி செய்யட்டுமா என்று.

அவள் யோசித்தாள். "தண்ணி அளவு வேணும்க்கா. மழ இன்னும் கீது. ஆனா 'தங்கச்சி'ன்னு போடாதீங்க. அது அவன் எழுதினது. அவனோட நின்னுடட்டும். நம்பர் மட்டும் அனுப்புங்க."

திங்கட்கிழமை காலை அவன் செத்த நாளின் கோப்பை இருவரும் திறந்து பார்த்தோம். மூன்று நாளாக 1.4. அந்தக் காலையும் ஏழு மணிக்கு 1.4. ஏழரைக்கு 1.4. ஏழு நாற்பதுக்கு 2.1.

அவன் தண்ணீரில் இறங்கி, சென்சாரில் சிக்கியிருந்த பாசியையோ தாமரை வேரையோ எடுத்துவிட்ட நேரம் அது. கம்பத்தை அவன் கை தொட்டது எங்கள் மூன்றாவது மாடியில் பதிவாகியிருந்தது. பிறகு கரையேறி, ஈரக் காலோடு வண்டியைக் கிளப்பியிருக்கிறான். ஏழு ஐம்பதுக்கும் 2.1. எட்டு மணிக்கும் 2.1.

"நீங்க போன் எடுத்திருந்தாலும், சென்சார்ல ஏதோ மாட்டியிருக்கு, போய் எடுத்துவிடுன்னுதான் சார் சொல்லியிருப்பீங்க" என்றார் பல்லாவரத்துப் பெண். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். இருக்கலாம். 'மழையில போகாத, சனிக்கிழமை நானும் வரேன்' என்றும் சொல்லியிருக்கலாம். எதைச் சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியவே போவதில்லை. அன்றிலிருந்து எந்த அழைப்பையும் நான் விடுவதில்லை. லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடமும் பேசுகிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

புதிய புரோகிராமை அவர் எழுதினார். அதற்கான உரிமைகளை நான் மேனேஜரிடம் கேட்டு வாங்கினேன். ஒரு மீனவப் பெண்ணுக்குத் தினமும் ஒரு எண் அனுப்ப வேண்டும், காரணம் இது என்று முழுதாகச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "செய்யுங்க" என்றார். முதல் முறையே கேட்டிருந்தால் பத்து நாளும் இதே மாதிரி கிடைத்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் பழைய சர்வரை நிறுத்தினோம். அதற்கு முன் சரிபார்க்கும் கட்டளையை மறுபடி கொடுத்தேன். நான்கு பெயரோடு அந்த வரி வந்தது. அழிக்கவா என்று கேட்டது. பல்லாவரத்துப் பெண் பக்கத்தில் நின்றிருந்தார். முக்காட்டை மேலே இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ ஓதினார். நான் சரி என்று தட்டினேன். பிறகு அவன் புரோகிராமை முறையாக, ஒரு வேலையை முடிக்கச் சொல்கிற மாதிரி நிறுத்தினேன். பட்டியலிலிருந்து அவன் பெயர் போனது. நான் சில விநாடி பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயமா, வரவேண்டும் என்ற ஆசையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளுக்கு '2.0' என்று மட்டும் போனது. பதில் வரவில்லை. அதற்கு முன்பும் வந்ததில்லை.

மீதி மழைக்காலம் முழுக்க அந்த எண் போய்க்கொண்டிருந்தது. நான் தினமும் ஆறு மணிக்கு விழித்துக்கொள்வேன். எனக்கும் ஒரு நகல் வரும்படி வைத்திருந்தேன். ஒருநாள் 3.2 வந்தபோது நானே அவளைக் கூப்பிட்டு, கிளம்பிவிட்டாளா என்று கேட்டேன். ஆட்டோவில் இருப்பதாகச் சொன்னாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது.

தை மாதம் அவளே கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"சார், நாங்க வூடு மாறிட்டோம். மேடவாக்கம் பக்கம், ரெண்டாவது மாடி. இனிமே தண்ணி அளவு வேணாம். நிறுத்திக்கங்க."

"சரிம்மா. இன்னிக்கே நிறுத்திடறேன்."

"கட மட்டும் பழைய எடத்துலதான் கீது. ஞாயித்துக்கெழம வாங்க. வஞ்சிரம் எடுத்து வெக்கிறேன். அக்காவையும் கூட்டிகினு வாங்க."

வருகிறேன் என்றேன். புரோகிராமை அன்று மாலையே நிறுத்தினேன். அவளுக்குப் போன் செய்து நிறுத்திவிட்டேன் என்றும் சொன்னேன். பல்லாவரத்துப் பெண் அதற்குப் பிறகு இரண்டு முறை அங்கே போய் மீன் வாங்கி வந்துவிட்டார். நான் ஒரு முறை அந்தத் தெரு முனை வரைக்கும் போனேன். கூட்டம் இருந்தது. அவள் தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்றிருந்துவிட்டு பஸ் ஏறினேன்.